சீவுளி மெசினின் இரண்டாவது அலகு

என் கணவர் மரம் சீவும் மெசினை ஓட்டும்போதெல்லாம் நான் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுதான் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை. மெசின் போடும் கூச்சலில் குண்டு போடும் பொம்பர் விமானம் வந்தாலும் அவருக்குக் கேட்காது. எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்காத சத்தம் என்று ஒன்று கிடையாது. இரண்டு வளவு தள்ளி யாராவது தகரத்தை இழுத்தால்கூட என் நெஞ்சு ஒரு தரம் நின்று, பிறகுதான் அடிக்கும்.

சத்தம் கேட்டால் மெசினுக்கு முன்னால் போய் நின்று சிவப்புத் துவாயை ஆட்டுவேன். தோளில் தட்டக் கூடாது, திடுக்கிட்டால் கை உள்ளே போய்விடும். அவர் எஞ்சினை நிறுத்துவார். இருவரும் வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்குள் இறங்குவோம். பாதித் தரம் அது உழவு மெசினாக இருக்கும், அல்லது சைலன்சர் கழன்ற மோட்டார் சைக்கிளாக இருக்கும்.

"இண்டைக்கு என்ன வாகனம்?" என்று பங்கருக்குள் குந்தியிருந்தபடி கேட்பார்.

"சிரியுங்கோ. ஒரு நாளைக்கு உண்மையா வரும். அப்ப தெரியும்."

"வந்தா நீர் சொல்லுவீர்தானே."

தன் பங்குப் பயத்தையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டு மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் கடல் கடந்து போய்விட்டார்கள். அவருக்கு நான், எனக்கு அவர். எனக்கிருந்த அத்தனை பயங்களுக்கும் தாய்ப்பயம் ஒன்று இருந்தது: இவருக்கு ஏதாவது நடந்தால் நான் என்ன செய்வேன்? மற்றப் பயங்கள் எல்லாம் அதன் குட்டிகள்.

எங்கள் வீடு சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் கால்மணி நேரம். மின்நிலையம் அவ்வளவு கிட்ட இருந்தும், மின்சாரம் நின்று இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆனபடியால் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து, நீளமான பட்டி போட்டு, மெசினோடு பூட்டியிருந்தார். அது மண்ணெண்ணெயில் ஓடும். தொடக்கிவிட மட்டும் நாலைந்து துளி பெற்றோல் வேண்டும். அதை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருந்து, குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல ஊற்றுவார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற காலம் அது. பலகை சீவுவதைத் தவிர வேறு எதற்கும் எஞ்சினைத் தொடக்க மாட்டார்.

அந்த மெசின் எங்கள் இருவரையும்விட வயது கூடியது. கொழும்புத்துறையில் மூடப்பட்ட வள்ளம் கட்டும் கொட்டில் ஒன்றிலிருந்து மாட்டு வண்டியில் வந்தது. இரண்டு இரும்பு மேசைகளுக்கு நடுவே ஓர் உருளை. உருளையின் இரண்டு பக்கங்களிலும் முழ நீளத்தில் ஒவ்வொரு வெட்டும் அலகு. அலகில் நீளமான துளைகள் இருக்கும். அதன்மேல் ஓர் இரும்புப் பட்டையை வைத்து நட்டுப் போட்டு இறுக்குவார்கள். உருளை சுற்றத் தொடங்கினால் அலகுகள் தெரியாது, சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்தான் தெரியும். பலகையைத் தள்ளுகிறவர் அதற்கு முன்னால் நிற்கவேண்டும். அவருடைய வயிற்றுக்கு நேரே அது சுற்றும். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்தே எனக்கு அந்த உயரம் பிடிக்கவில்லை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒருநாள் விடியற்காலை, நல்ல காலமாகப் பிள்ளைகள் வருவதற்கு முன், பள்ளிக்கூட வளவுக்குள் ஷெல் விழுந்தது. ஓலைக் கொட்டகை ஒன்று எரிந்தது. பிள்ளைகள் உட்காரும் வாங்குகளும் மேசைகளும் அதோடு போயின. வாசலில் நின்ற பெரிய வேம்பு அடியோடு சரிந்தது. பிள்ளைகள் சாக்கை விரித்து நிலத்தில் இருந்து எழுதினார்கள். மாரி தொடங்கியதும் அந்த நிலம் ஊறிவிட்டது.

பள்ளிக்கூட அதிபர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், விழுந்த மரம் எங்கடை வளவுக்கைதான் கிடக்கு. மெசின் உங்கடை வீட்டிலை கிடக்கு. உங்கடை அவர் மனம் வைச்சாரெண்டா பிள்ளையள் நிலத்திலையிருந்து எழும்புங்கள்."

நான் வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் உடனே ஓம் என்றார். கேட்டது அதிபர், செய்யப்போனது அவர், ஆனால் சொன்னது நான். அந்த ஒன்று இன்றைக்கும் குத்துகிறது.

வேம்பை வாளால் பலகையாக அரிந்தவர்களே எச்சரித்துவிட்டுத்தான் பலகைகளை இறக்கினார்கள். "அண்ணை, கவனம். உள்ளுக்கு முழுக்க இரும்பு. எங்கடை வாளிலை பத்துப் பல்லுப் போச்சுது" என்றார் ஒருவர். ஷெல் துண்டுகள் மரத்துக்குள் புதைந்திருந்தன. சில துண்டுகள் பழைய சண்டைகளில் புதைந்தவை. அவற்றைச் சுற்றி மரம் வளர்ந்து மூடிவிட்டிருந்தது. வெளியே பார்த்தால் ஒரு வடுக்கூடத் தெரியாது.

விஞ்ஞான டீச்சராக நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கருக்குள் இருந்த காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி, ஒவ்வொரு பலகைக்கும் மேலே மெதுவாகக் கொண்டுபோவேன். இரும்பு இருந்தால் காந்தம் ஒரு பக்கம் இழுபடும். அந்த இடத்தில் கரியால் வட்டம் போடுவேன். அவர் உளியால் தோண்டி எடுப்பார். ஒரு பலகையில் ஏழு வட்டம்கூடப் போட்டிருக்கிறேன். ஆனால் ஆழத்தில் கிடக்கும் சின்னத் துண்டைக் காந்தம் கண்டுபிடிக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதற்கிடையில் அலகுகள் முடிந்துபோயின. சாணை பிடித்துப் பிடித்துப் பெருவிரல் அகலத்துக்கு வந்துவிட்டன. இனி இறுக்கினால் பட்டைக்குள் போய் மறைந்துவிடும். பொருளாதாரத் தடைக்குள் புது அலகுக்கு எங்கே போவது? கொடிகாமத்தில் ஒருவர் பழைய மர ஆலையொன்றை உடைத்து இரும்புக்கு விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்து இவர் இரண்டு அலகுகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். கறள் பிடித்துக் கிடந்தன. ஒரே நீளம், ஒரே அகலம். கடைத் தராசில் வைத்துப் பார்த்தார், நிறையும் ஒன்றுதான். முகத்தில் ஒரே பூரிப்பு.

"என்ன இரும்பு எண்டு பாக்கவேணும்" என்றார். "அதுதான் முக்கியம்."

அலகு இரண்டு விதம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு விதத்தில் முதுகு முழுவதும் பச்சிரும்பு, வெட்டும் ஓரத்தில் மட்டும் ஒரு தட்டையான உருக்கை நெருப்பில் ஒட்டியிருப்பார்கள். பச்சிரும்பு மெத்தென்றது. மரத்துக்குள் இருக்கும் இரும்பில் மோதினால் ஓரம் சிதையும், அலகு வளையும், அவ்வளவுதான். மற்ற விதம் முழுக்க முழுக்க உருக்கு, முதுகிலிருந்து ஓரம் வரை ஒரே கடினம். சுத்தமான தேக்கைச் சீவ அதுவும் நல்லதுதான். ஆனால் இரும்பில் மோதினால் கண்ணாடி மாதிரி வெடிக்கும். வெடித்த துண்டு எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அந்த உயரம் எனக்குத் தெரியும்.

அரத்தால் முதுகைத் தேய்த்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். பச்சிரும்பை அரம் கடிக்கும், உருக்கில் வழுக்கும். ஆனால் எங்கள் வீட்டு அரங்கள் எல்லாம் தேய்ந்து வழுக்கை விழுந்து, எதில் வைத்தாலும் வழுக்கின. ஆகவே பொறி பார்க்கவேண்டும் என்றார். சாணைக்கல்லில் வைத்தால் பச்சிரும்பின் பொறி நீளமாக ஓடி, சத்தமில்லாமல் அணையும். உருக்கின் பொறி ஓடிப்போய் நுனியில் வெடித்து, மத்தாப்புப்போலப் பூக்கும். பூத்தால் உருக்கு, பூக்காவிட்டால் பச்சிரும்பு.

சாணைக்கல்லைச் சுற்றுவதற்கு எஞ்சினைத் தொடக்க அவருக்கு மனமில்லை. அந்த நாளில் வலிகாமத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சைக்கிளால்தான் செய்தார்கள். ரேடியோ கேட்டது சைக்கிள் டைனமோவால், மா அரைத்ததும் சைக்கிளால். அவரும் என் சைக்கிளை நிறுத்தி, பின் சில்லைக் கட்டையில் உயர்த்தி, ரயரைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்திலிருந்து சாணைக்கல்லுக்குக் கயிறு பூட்டினார். நான் சீற்றில் ஏறி மிதிக்கவேண்டும், அவர் அலகைக் கல்லில் வைத்துப் பார்க்கவேண்டும். பொறி நன்றாகத் தெரிய, மெசின் நின்ற கொட்டிலைச் சுற்றியிருந்த படங்குகளை இறக்கிவிட்டு, பகலை உள்ளே இருட்டாக்கினார்.

"பலமா மிதியும். கல்லு வேகமாச் சுத்தாட்டிப் பொறி பொய் சொல்லும்."

"இதுக்குமேலை மிதிச்சா நான் சுன்னாகத்துக்குப் போய்ச் சேந்திடுவன்."

முதல் அலகை வைத்தார். நான் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு உயிரைக் கொடுத்து மிதித்தேன். பொறிகள் வைக்கோல் நிறத்தில் நீளமாக ஓடின. ஒன்றுகூடப் பூக்கவில்லை. திருப்பி வெட்டும் ஓரத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். அங்கே பொரிந்து பூத்தது. "ஆ, பாத்தீரோ? முதுகு பச்சிரும்பு, வாயிலை உருக்கு. அசல் சாமான்" என்று சந்தோசத்தில் கத்தினார்.

இரண்டாவது அலகை எடுத்தார். முதுகைக் கல்லில் வைக்கும் நேரத்தில்தான் எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. வடக்குப் பக்கமாக, தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம். படங்கு இறக்கியிருந்ததால் வானம் தெரியவில்லை. என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே தளர்ந்தன. நான் மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் பலம் போய்விட்டது. கல் சுற்றும் ஓசை இறங்குவது எனக்கே கேட்டது. பொறிகள் குட்டையாக, மங்கலாக ஓடின. பூக்கவில்லை.

"ரெண்டும் ஒரே சாதி!" என்றார் அவர்.

சத்தம் கிட்ட வந்து ஒழுங்கையில் திரும்பிப் போயிற்று. அது ஒரு உழவு மெசின்.

அப்போதே சொல்லியிருக்கவேண்டும். 'என் கால் தளர்ந்துவிட்டது, இன்னொரு தரம் பாருங்கோ' என்று ஒரே ஒரு வசனம். நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். உழவு மெசினுக்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்னொரு தரம் மிதிக்க உடம்பில் தெம்பில்லை. இவை எல்லாம் காரணங்கள்தான். ஆனால் உண்மையான காரணம் வேறு. இரண்டும் ஒரே சாதி என்று அவர் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பயந்த ஆட்கள் எல்லாவற்றையும் கவனமாகச் செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. பயந்த ஆட்கள்தான் நல்ல செய்தியை இரண்டாம் தரம் கேட்டுப் பார்க்காமல் நம்புவார்கள்.

அன்றைக்குப் பின்னேரமே இரண்டு அலகுகளையும் பூட்டினார். அடுத்த நாள் வேலை தொடங்கியது.

நிம்மதி ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கவேண்டிய நான் கொட்டிலைப் பார்க்கத் தொடங்கினேன். மெசினின் கூச்சலில் ஒரு சின்ன மாற்றம் வந்தாலும் சிவப்புத் துவாயை இறுக்கிப் பிடிப்பேன். பொம்பர் வந்திருந்தால் அந்த நாட்களில் நான் கவனித்திருக்கவே மாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டு நிற்பேன், நான் இல்லாத நேரத்தில் எஞ்சினைத் தொடக்கிவிடுவாரோ என்று காது வீட்டுப் பக்கம் இருக்கும். அதிபர் வந்து, "டீச்சர், ஆறு வாங்கு வந்திட்டுது, பிள்ளையளின்ரை முகத்தைப் பாருங்கோ" என்பார். என்னால் பார்க்க முடியாது.

அவரிடமும் சில மாற்றங்களைக் கண்டேன். முன்பெல்லாம் சீவின பலகையை மறுபக்கத்தில் நின்று ஏந்தி எடுக்க என்னைக் கூப்பிடுவார். இப்போது கூப்பிடவில்லை. "நீர் முத்தத்திலை நில்லும், அதுதான் உம்மடை வேலை" என்றார். பலகையைத் தள்ளும்போது நேரே நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி, கையை நீட்டித் தள்ளினார். குசினிக்கும் கொட்டிலுக்கும் நடுவே பனங்குற்றிகளை நட்டு ஒரு தடுப்புப் போட்டார். ஷெல்லுக்கு என்றார். ஊரில் எல்லோரும் போட்டிருந்தார்கள், நான் வேறொன்றும் யோசிக்கவில்லை.

ஒருநாள் பலகை ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். நான் கத்திக்கொண்டு ஓடினேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். காந்தத்துக்குத் தப்பிய ஒரு துண்டு, பயற்றங்கொட்டை அளவு. வெட்டுப்பட்டுப் பளபளவென்று இருந்தது. அலகுகளின் ஓரத்தில் ஒவ்வொரு பல் போயிருந்தது.

"ஒண்டும் நடக்கேல்லை. பாரும், ஆள் முழுசா நிக்கிறன்."

"இண்டைக்குக் காணும், நிப்பாட்டுங்கோ."

"இன்னும் ஆறு வாங்கு கிடக்கு" என்றார். அலகுகளைக் கழற்றாமல், உருளையில் இருந்தபடியே கல்லால் ஓரத்தைத் தேய்த்துச் சரிக்கட்டினார். நட்டுகளை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த உருளை சுற்றுவதைக் கனவிலும் கண்டேன். சொல்லிவிடவேண்டும் என்று காலையில் எழும்புவேன். அவர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சிரித்தபடி கொட்டிலுக்குப் போகும்போது வாய் ஒட்டிக்கொள்ளும். இத்தனை நாளும் ஒன்றும் ஆகவில்லையே, நல்ல அலகாகத்தான் இருக்கும் என்று என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டேன். இப்படியே பத்து நாள் போயிற்று.

பதினோராம் நாள் மத்தியானம் குசினியில் ஊறுகாய்க்குத் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். கொல்லர் அடித்துத் தந்த கத்தி அது. வாயில் மட்டும் உருக்கு வைத்து அடித்தது. புளி பட்ட இடமெல்லாம் வாய்ப்பக்கம் கறுத்துக் கிடந்தது, முதுகுப்பக்கம் வெளிறியே இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு, பென்சிலால் கீறியதுபோல. எத்தனை வருடமாக அந்தக் கத்தியால் வெட்டுகிறேன், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.

கத்தியைக் கீழே போட்டேன். அவர் மண்ணெண்ணெய்க்குச் சுன்னாகம் போயிருந்தார்.

அலகுகளைக் கழற்ற எனக்குத் தெரியாது, ஆனால் உருளையின் ஒரு பக்கத்தில் இரண்டு அலகுகளின் முனைகளும் வெளியே தெரியும். சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டுபோய் இரண்டு முனைகளையும் பளிச்சென்று வரும்வரை தேய்த்தேன். பஞ்சைத் தேசிக்காய்ப்புளியில் தோய்த்து இரண்டிலும் ஒட்டிவைத்துவிட்டு, மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். கோடு விழவேண்டும், கோடு விழவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டேன். எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. பஞ்சு காயக் காய இன்னும் புளி விட்டேன்.

பஞ்சை எடுத்தேன். முதலாவது அலகின் முனையில் கோடு விழுந்திருந்தது. கோட்டுக்குக் கீழே கறுப்பு, மேலே வெளிறல். என் கத்தியில் இருந்ததேதான். இரண்டாவதைப் பார்த்தேன். துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். கோடு இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு.

முழு உருக்கு. இத்தனை நாளும் இரும்பு நிறைந்த மரத்தைச் சீவிக்கொண்டு, அவருடைய வயிற்றுக்கு நேரே சுற்றியது அது.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. அவர் இரண்டு போத்தல் மண்ணெண்ணெயோடு வந்து நேரே எஞ்சினுக்கு ஊற்றத் தொடங்கினார். நான் எழும்பிப்போய் எஞ்சினுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்.

"தொடக்காதையுங்கோ."

"ஏன், என்ன வாகனம் வருது?"

"விளையாடாதையுங்கோ. அண்டைக்கு ரெண்டாவது அலகுக்கு நான் வடிவா மிதிக்கேல்லை. சத்தம் கேட்டுது, பயந்திட்டன், கால் தளந்திட்டுது. கல்லு சுத்தேல்லை, அதாலைதான் பொறி பூக்கேல்லை. உங்களுக்குச் சொல்லேல்லை. இப்ப புளி விட்டுப் பாத்தன். அது முழு உருக்கு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அழத் தொடங்கினேன்.

அவர் போத்தலை நிலத்தில் வைத்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருக்கலாம்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"கல்லின்ரை சத்தம் இறங்கினது எனக்கும் கேட்டது. அடுத்த நாள் நீர் பள்ளிக்கூடம் போனாப்பிறகு அலகைத் திருப்பிக் கழட்டி, எதிர்வீட்டுக்காரரைக் கூட்டியந்து மிதிக்கவிட்டுப் பாத்தனான். பூத்தது." மண்ணெண்ணெய் பட்ட கையைச் சாரத்தில் துடைத்தார். "வேறை அலகு இல்லை. பிள்ளையள் ஈரத்திலை இருக்குதுகள். பாத்துப் பாத்துச் சீவினாச் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். நீர் ஏற்கனவே எல்லாத்துக்கும் பயப்பிடுறனீர். ஒரு பயமாவது உமக்குக் குறைவா இருக்கட்டும் எண்டு சொல்லேல்லை."

அப்போதுதான் பனங்குற்றித் தடுப்பு எனக்கு விளங்கியது. இடப்பக்கம் ஒதுங்கி நின்றதும், என்னைக் கிட்ட வரவேண்டாம் என்றதும் விளங்கியது. அவ்வளவையும் யோசித்து, என்னைக் காப்பாற்றிவிட்டு, தான் மட்டும் போய் அதற்கு முன்னால் நின்றிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் அளந்து சொல்ல முடியாது. அழுகை நின்றுவிட்டது. ஆணியில் தொங்கிய ஸ்பனரை எடுத்து அவருடைய கையில் திணித்தேன்.

"கழட்டுங்கோ."

"இன்னும் நாலு வாங்குதான்..."

"கழட்டுங்கோ எண்டிறன். இல்லாட்டி நான் போய் மெசினுக்கு முன்னாலை நிக்கிறன். நீங்கள் தொடக்குங்கோ."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கழற்றத் தொடங்கினார். நட்டுகள் இறுகிக் கிடந்தன, ஒவ்வொன்றுக்கும் முழுப் பலத்தையும் போட்டார். கடைசி நட்டு கழன்றதும் இரும்புப் பட்டையைத் தூக்கிவிட்டு அலகைப் பிடித்து இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம். அவருடைய கையோடு வந்தது பாதி அலகு. மற்றப் பாதி உருளையிலேயே கிடந்தது.

நட்டுத் துளையின் மூலையிலிருந்து ஒரு பக்கம் ஓரம் வரையும் மறுபக்கம் முதுகு வரையும் பிளந்திருந்தது. பட்டையின் பிடியில்தான் அவ்வளவு நாளும் ஒன்றாக நின்றிருக்கிறது. அவர் பிளந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்தார். அன்றைக்கு டக் என்று மோதிய நாளிலிருந்து பதினொரு நாளாக அதற்குள் வேப்பம்பிசின் ஊறிக் கறுத்திருந்தது. கரையில் ஒரு நெல் அகலத்துக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அது இப்போது, அவர் இழுத்தபோது முறிந்த இடம். மற்றதெல்லாம் முன்னமே போய்விட்டிருந்தது.

அவர் அந்த வெள்ளையைப் பெருவிரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார். சீவல் குவியலுக்கு மேல் அப்படியே இருந்துவிட்டார். ஸ்பனர் கையிலிருந்து விழுந்தது.

"தண்ணி கொஞ்சம் தாரும்" என்றார்.

நான் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. முன்னால் குந்தியிருந்து, இரண்டு கையாலும் அவருடைய தோளிலும் நெஞ்சிலும் அடித்தேன். அவர் தடுக்கவில்லை. கை ஓய்ந்ததும் சட்டையை உயர்த்தி அவருடைய வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அது சூடாக இருந்தது, மூச்சுக்கு மேலும் கீழும் அசைந்தது. கையை எடுக்க எனக்குப் பயமாக இருந்தது.